லங்காவியில் பழைய பாய்மரப் படகு வாங்கி அதிலேயே வாழலாம் என்கிறார் கணவர், எனக்குக் கடலே தெரியாது

திருவொற்றியூர்க்காரி:

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியராக இருந்து, இந்த வருஷம் வேலையை விட்டுவிட்டார். பையனும் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். இப்போது இவர் மலேசியாவின் லங்காவித் தீவில் 36 அடி பழைய பாய்மரப் படகு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். அதை வாங்கி, ரெண்டு பேரும் அதிலேயே குடியிருந்து, லங்காவி, தாய்லாந்தின் புக்கெட், அந்தமான் என்று தீவு தீவாகப் போய் வரலாம் என்கிறார். தண்டையார்பேட்டையில் எங்களுக்கு இருக்கும் ஃப்ளாட்டை விற்றால் படகுக்கும் கொஞ்ச வருஷச் செலவுக்கும் சரியாக வரும் என்பது அவர் கணக்கு.

நான் கடற்கரை ஓரமாகவே பிறந்து வளர்ந்தவள். ஆனால் கடலுக்குள் போனதே இல்லை. நீச்சலும் தெரியாது. "நீ சும்மா வந்து உட்கார், எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்கிறார். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. வீடியோக்களில் அந்தத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தால் மனசு போகத்தான் செய்கிறது. ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து நான் என்ன செய்வேன்? சமையல், தண்ணீர், ராத்திரித் தூக்கம் எல்லாம் எப்படி? நம்ம பக்கத்து ஆட்கள் யாராவது இப்படி வாழ்ந்திருக்கிறீர்களா?

எண்ணூர் மாலுமி:

தங்கச்சி, பேப்பர் விஷயத்தையும் சீசனையும் மட்டும் நான் சொல்கிறேன். மற்றதை அனுபவப்பட்டவர்கள் சொல்லட்டும்.

மலேசியா 2023 டிசம்பரிலிருந்து நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது. தாய்லாந்தின் விதிகள் அடிக்கடி மாறும், ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு கெடு, படகுக்குத் தனிக் கெடு. ஒரு நாட்டை விட்டுக் கிளம்பும்போது வாங்கும் போர்ட் கிளியரன்ஸ் இல்லாமல் அடுத்த நாட்டில் நுழைய முடியாது. அந்தமானுக்கு வெளிநாட்டுக் கொடி போட்ட படகில் போனால், எந்தெந்தத் தீவுக்கு என்றைக்குப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கி, தினமும் ரேடியோவில் இருக்குமிடம் சொல்ல வேண்டும். நிக்கோபார் பக்கம் திரும்பவே கூடாது. வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கடல் மைலுக்குள் போகக் கூடாது.

சீசன்: நமக்கு வாடைக் காலம், அதாவது வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் என்றால் புயல் பயம். அந்தமான் கடலில் அந்த வாடையில்தான் நல்ல ஓட்டம், ஏனென்றால் காற்று தாய்லாந்துக் கரையிலிருந்து வருவதால் அந்தப் பக்கம் அலை எழும்பாது. ஆனால் நவம்பர், டிசம்பரில் அந்தமான் பக்கம் உருவாகும் புயல்தான் நம்ம பக்கம் வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை கடப்பதுதான் நல்லது.

ராயபுரம் அக்கா:

நானும் அவரும் லங்காவிக்கும் புக்கெட்டுக்கும் நடுவே சில வருஷம் படகில் குடித்தனம் நடத்தினோம், அந்தமானுக்கும் போய் வந்தோம். அதனால் இதை உரிமையோடு சொல்கிறேன். "சும்மா வந்து உட்கார்" என்பதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதேம்மா. ரெண்டே பேர் இருக்கும் படகில் ரெண்டு பேருக்கும் தனியாகப் படகை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

புக்கெட்டிலிருந்து போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய 400 கடல் மைல். இந்த அளவுப் படகு மணிக்கு ஐந்து மைல் போனாலே நல்ல ஓட்டம். அப்படியானால் மூணு ராத்திரி, காற்று விழுந்தால் நாலு, நடுக்கடலில்தான். மூணு மணி நேரம் அவர் முழித்திருப்பார், மூணு மணி நேரம் நீ. அவர் உள்ளே தூங்கும்போது படகு உன் கையில். தூரத்தில் ஒரு சரக்குக் கப்பலின் விளக்கு தெரிந்தால் இருபது நிமிஷத்தில் அது பக்கத்தில் வந்துவிடும். அதன் சிவப்பு விளக்கு தெரிகிறதா, பச்சை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ரெண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக நம்மேல் வருகிறது. ஏ.ஐ.எஸ். கருவி அந்தக் கப்பலின் பெயரையும் வேகத்தையும் காட்டும், ரேடியோவில் சேனல் 16ல் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். நான் முதன்முதலில் கூப்பிட்டபோது அந்தப் பக்கம் இருந்த ஆபீசர், "பார்த்துவிட்டேன் மேடம், பத்து டிகிரி வலப்பக்கம் திருப்புகிறேன்" என்றார். அவ்வளவு பெரிய கப்பல் நமக்காகத் திரும்புவதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் விளக்கில்லாமல் மிதக்கும் வலையையும் சின்ன மீன்பிடிப் படகையும் அந்தக் கருவி காட்டாது. அதற்குக் கண்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அவர் தண்ணீரில் விழுந்துவிட்டால், இல்லை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், பாயை இறக்கிப் படகைத் திருப்பப்போவது நீதான். ராத்திரி மேலே வரும் யாராக இருந்தாலும் இடுப்புப் பட்டையைக் கயிற்றில் மாட்டாமல் வரக்கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டுவிடு. பெண்ணால் முடியுமா என்று யாராவது கேட்டால் சொல்லு: கடற்படை ஆபீசர்கள் தில்னா, ரூபா ரெண்டே பேர் 56 அடி தாரிணி படகில் 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி, உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பி வந்தார்கள். ரூபா புதுச்சேரிப் பொண்ணு.

அப்புறம் நங்கூரம். பெரும்பாலான படகுகளில் ஆண் சுக்கானில் நிற்பார், மனைவி முன்பக்கம் போய்ச் சங்கிலியோடு மல்லுக்கட்டுவார். இதை மாற்று. பலமுள்ளவர் சங்கிலிக்கு, நீ சுக்கானுக்கு. இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது, அதனால் கையால் சைகை: நிறுத்து, பின்னால் எடு, இடப்பக்கம். இதை நிதானமாகப் பழகிக்கொண்டால் பாதிச் சண்டை வராது. நம்ம காசிமேட்டில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் சுற்றித்தான். லங்காவியில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூணு மீட்டர் வரை ஏறும். நீ நங்கூரம் போடும்போது நாலு மீட்டர் ஆழம் என்றால், ஏறியதும் ஏழு. படகின் முன்பக்க உயரம் ஒரு மீட்டர் சேர்த்தால் எட்டு. அதற்கு ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி விட வேண்டும். விட்டபின் இன்ஜினைப் பின்னால் ஓட்டி இழுத்துப் பார். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இரு. ரெண்டும் விலகினால் நங்கூரம் இழுபடுகிறது, எடுத்துத் திரும்பப் போடு. மே மாதத்துக்கு அப்புறம் அங்கே 'சுமத்ரா' என்று ஒரு காற்று, பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் மேற்கிலிருந்து திடீரென்று அடிக்கும், மின்னலோடு. செல்போனையும் கையடக்க ஜி.பி.எஸ்ஸையும் சமையல் அடுப்பின் ஓவனுக்குள் வைத்து மூடிவிடுவோம். மின்னல் விழுந்தாலும் அவையாவது தப்பும் என்று எல்லாப் படகுக்காரர்களும் செய்வதுதான்.

சமையலுக்குக் குக்கர் போதும், உருண்டாலும் மூடி கழலாது. முக்கியமானது கேஸ். அது காற்றை விடக் கனம், கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கிவிடும், வெளியே போக வழி இருக்காது. ஒவ்வொரு தடவையும் சிலிண்டரிலேயே மூடு. பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் தேய்த்து, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். மழை வந்தால் மேலே கட்டிய துணியிலிருந்து டேங்குக்குக் குழாய் விட்டுவிடுவோம், அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. புளிக்காய்ச்சல், தொக்கு, அப்பளம் எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டு போ. மளிகை தீர்ந்தால் பினாங்கு ஜார்ஜ் டவுனில் லிட்டில் இந்தியா இருக்கிறது, தமிழிலேயே பேசி வாங்கலாம்.

நீ சொன்ன அந்த நிறம் லங்காவியில் கிடைக்காது, அங்கே தண்ணீர் கலங்கல் பச்சை. தாய்லாந்தின் சிமிலான் தீவுகளிலும் அந்தமானிலும்தான் அந்த நீலம். ஆனால் அந்தமானில் சதுப்புக் காட்டு ஓரம் குளிக்க இறங்காதே, முதலை உண்டு. எனக்குப் பிடித்த இடம் புக்கெட்டுக்குப் பக்கத்தில் ஃபாங் நா விரிகுடா. கடலுக்கு நடுவில் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைத் தீவுகள். சிலவற்றின் அடியில் குகை. கடல் பாதி இறங்கியிருக்கும்போது சின்னப் படகில் மல்லாந்து படுத்து, கையால் பாறையைத் தள்ளித் தள்ளி உள்ளே போக வேண்டும், தலைக்கு மேலே வௌவால். வெளியே வந்தால் தீவுக்குள்ளேயே ஒரு குளம், சுற்றி நாலு பக்கமும் மரம் அடர்ந்த சுவர், மேலே வானம். கடல் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்தைக் கணக்குப் போட்டது நான்தான், இன்றும் எனக்கு அதில் பெருமை உண்டு.

ஃப்ளாட்டை விற்கவே விற்காதே. வாடகைக்கு விடு. படகு சொத்து ஆகாது, அது நாளுக்கு நாள் செலவு வைக்கும். அந்தச் சூட்டுத் தண்ணீரில் அடியில் கொட்டலசு (கெட்டி ஓடுள்ள சின்னக் கடல் உயிர்) சீக்கிரம் ஒட்டும், அடிக்கடி சுரண்ட வேண்டும், கரையேற்றி பெயிண்ட் அடிக்க வேண்டும். திரும்பி வர ஒரு வீடு இருந்தால்தான் அங்கே நிம்மதியாக இருப்பாய்.

திருவொற்றியூர்க்காரி:

அக்கா, இதை அப்படியே அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, சுக்கான் நீ பிடி" என்றார். ஃப்ளாட் விஷயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படகு 1984ல் கட்டியதாம், இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று விற்பவர் சொல்கிறாராம். நம்பலாமா? நான் இங்கேயே எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா?

காசிமேடு மெக்கானிக்:

அம்மா, விற்கிறவர் பேச்சை வைத்து முடிவு செய்யாதீங்க. நீங்களே ஒரு சர்வேயரை வைக்கணும், அவர் காட்டுற ஆள் வேண்டாம். படகைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிப் பார்க்காமல் விலை பேசாதீங்க. ஃபைபர் அடிப்பக்கம் முழுக்கச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போவார், கெட்டிச் சத்தம் வர வேண்டிய இடத்தில் மொத்தென்று வந்தால் உள்ளே ஈரம். இன்ஜினை நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று சொல்லுங்க, சூடான இன்ஜின் எதையும் மறைக்கும். சாருக்கு இது தெரியும். ஆனால் கப்பல்காரர்கள் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பார்க்க மறப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆன கம்பி என்றால் மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் விலை பேசணும். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் ஏறியிருக்கும். ரெண்டு பேரும் வாங்க, ஷாஃப்ட்டு, புரொப்பெல்லர் எல்லாம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கு நானே காட்டுறேன்.

ராயபுரம் அக்கா:

இங்கேயே கற்கலாம். சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, 1911லிருந்து. தமிழ்நாடு செய்லிங் அசோசியேஷனும் இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டிய நேத்ரா குமணன் சென்னைப் பொண்ணுதான். சின்னப் படகில் கற்றால் கன்னத்தில் படும் காற்றை வைத்தே திசை பிடிபடும், பெரிய படகில் அது சீக்கிரம் வராது. அதற்கு முன்னால் நீச்சல், நாளைக்கே சேர்ந்துவிடு. வாந்தி வருமோ என்று பயந்தால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொள், படகு கிளம்பும் முன்னாடியே போட வேண்டும்.

படகுக்கு முன்பணம் கொடுக்கும் முன் லங்காவியிலேயே வாடகைப் படகு எடுத்து ஒரு வாரம் இருங்கள். அதில் ஒரு நாள் முழுக்க அவர் சுக்கானைத் தொடவே கூடாது, நங்கூரம் வரை எல்லாம் நீ சொல்ல, அவர் செய்யட்டும். ஜனவரியில் போங்கள், அப்போது காற்று நன்றாக இருக்கும்.