சீன எழுத்தைத் தூரிகையாலை எழுதினா ஏன் உயிரில்லாமல் கிடக்கு? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

கோண்டாவில் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் கல்வியியற் கல்லூரி ஒண்டிலை சித்திரம் படிக்கிறன், இரண்டாம் வருசம். அடுத்த மாதம் எங்கட பிரிவின்ர கண்காட்சி. இந்த முறை எழுத்துக்கெண்டு ஒரு மூலை ஒதுக்கியிருக்கினம். அரபு, சிங்களம், ஏட்டுத் தமிழ், சீனம் எண்டு நாலு துண்டு எழுதிச் சீட்டுக் குலுக்கினதிலை எங்களுக்குச் சீனம் வந்து விழுந்தது. மற்றக் குழுப் பிள்ளையள் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுக்குள்ளை நிக்குது.

நாங்கள் ஐஞ்சு பேர். ஒருத்தருக்கும் சீனத்திலை ஒரு எழுத்தும் தெரியாது. போனிலை தேடி 'ஃபூ' எண்ட எழுத்தை எடுத்தம். நல்வாழ்வு, பாக்கியம் எண்டு அர்த்தமாம். டிமைத் தாளிலை பென்சிலாலை வெளிக்கோட்டைக் கீறி, உள்ளுக்குக் கறுப்புப் போஸ்டர் கலர் நிரப்பினம். அளவு அச்சொட்டா வந்தது. எனக்கு உள்ளுக்கை பெரிய புழுகம். விரிவுரையாளர் வந்து கனநேரம் பாத்தார். "அளவெல்லாம் சரி பிள்ளையள், ஆனா கடைப் பெயர்ப்பலகை மாதிரிக் கிடக்கு" எண்டுட்டுப் போட்டார். அவ்வளவுதான்.

அவர் சொன்னது சரி எண்டது பிறகுதான் விளங்கிச்சு. போனிலை இருக்கிற எழுத்து நடக்கிற மாதிரி இருக்கு. எங்கடது செத்தவீட்டுக் கறுப்புக்கொடி மாதிரித் தொங்குது.

சரியெண்டு பென்சில் இல்லாமல் நேர எழுதிப் பாத்தன். 10 ஆம் இலக்கத் தூரிகை, போத்தல் இந்தியன் இங்க். டிமைத் தாளிலை மை வழுக்கிக்கொண்டு போகுது. பிறிஸ்டல் போர்ட்டிலை எண்ணெய் பூசின மாதிரி மினுங்குது. தம்பியின்ர பட்டம் கட்டுற பெட்டியிலை இருந்து ரிசுப் பேப்பர் எடுத்து வைச்சன், ஒரு பொட்டு வைக்க எட்டுக்கால் பூச்சி மாதிரி நாலு பக்கமும் ஓடிச்சு. அடுத்தநாள் பாத்தா தூரிகை தும்புக்கட்டை மாதிரி விறைச்சுப்போய் நிக்குது. அது அம்மா வாங்கித் தந்த தூரிகை, அதைப் பற்றி வீட்டிலை இன்னும் வாய் திறக்கேல்லை.

ஒரு அண்ணா கொழும்பிலையிருந்து சீனத் தூரிகை ஒண்டு கொண்டுவந்து தந்தவர். மூங்கில் பிடி, வெள்ளை மயிர். முனை கல்லு மாதிரி இறுகிக் கிடக்கு. பழுதோ, இல்லாட்டி அப்பிடித்தானோ தெரியாமல் பெட்டியோடை வைச்சிருக்கிறன்.

இன்னொண்டு. முதலாம் வருசப் பிள்ளையள் எங்கட ஃபூவை ஒத்திகைக்கெண்டு மண்டபத்திலை தலைகீழா மாட்டிவிட்டிட்டினம். ரெண்டு நாள் ஒருத்தரும் கண்டுபிடிக்கேல்லை, நானுந்தான். அண்டைக்கு ராத்திரி எனக்கு நித்திரை வரேல்லை. தமிழைக் கொலை செய்து எழுதின போர்ட்டுகளைப் படம் எடுத்துப் போட்டு நாங்கள் கொதிக்கிறம் எல்லோ. பஸ்ஸிலை 'கர்ப்பிணித் தாய்மார்' எண்ட இடத்திலை 'நாய்மார்' எண்டு எழுதியிருந்ததை மறந்திட்டமோ? நாளைக்கு ஒரு சீன ஆள் வந்து எங்கட சுவரைப் பாத்தா அவருக்கு எப்பிடி இருக்கும்? எங்களுக்கு விளங்காத எழுத்தை மாட்டுறது முதலிலை சரியோ?

தூரிகை, தாள், மை, மனச்சாட்சி எல்லாத்துக்கும் பதில் தேவை. நேரம் நாலு கிழமைதான்.

பழைய சோக்குக்கட்டி:

பிள்ளை, நான் 34 வருசம் சித்திரம் படிப்பிச்சு ஓய்வெடுத்தனான். கொழும்பிலை ஒரு பயிற்சியிலை சீன ஆசிரியர் ஒருவர் எங்களுக்கு மூண்டு நாள் இது சொல்லித் தந்தவர். முதல் நாள் முழுக்க ஒரே ஒரு கோடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் அதே கோடு. அதாலை நான் பண்டிதனில்லை, ஆனா அந்தக் கோடு மட்டும் கையிலை இருக்கு.

முதலிலை தூரிகை. அது பழுதில்லை. கடையிலை முனை கலையாமல் இருக்கப் பசை தோய்ச்சு விடுவினம். பச்சைத் தண்ணியிலை வைச்சு விரலாலை மெல்லமா இளக்கும். கொதிதண்ணி வேண்டாம், மயிர் பிடியிலை இருந்து கழண்டு வந்திடும். எழுதி முடிய உடனை கழுவி முனை கீழ பாக்கத் தொங்கவிடும்.

மற்றத் தூரிகை போனது போனதுதான். போத்தல் இந்தியன் இங்க் கனக்கத்திலை அரக்குச் சேர்த்திருக்கும், காஞ்சால் தண்ணிக்குக் கரையாது. சீன மை எண்டது புகைக்கரியும் மிருகப் பசையுந்தான். பைன் மரம் எரிச்ச கரி, இல்லாட்டி எண்ணெய் விளக்குக் கரி. அதைக் கட்டியா வார்த்துக் காயவைச்சு, கல்லிலை தண்ணி விட்டு உரைச்சு எடுப்பினம், நாங்கள் சந்தனம் அரைக்கிற மாதிரி. 90களிலை ஜாம் போத்தல் விளக்கிலை படிச்ச எங்கட பிள்ளையளின்ர மூக்குக்குள்ளை முக்கால்வாசி மை இருந்தது, பசை மட்டுந்தான் குறை.

இப்ப உம்மட கேள்விக்கு வாறன். நீர் அந்த எழுத்தைக் கீறியிருக்கிறீர், எழுதேல்லை. ஃபூவிலை 13 கோடு இருக்கு. ஒவ்வொண்டுக்கும் முறை இருக்கு: மேலையிருந்து கீழ, இடமிருந்து வலம், குறுக்குக் கோட்டுக்குப் பிறகு நெடுக்கு, பெட்டியெண்டால் உள்ளுக்கு எழுதினாப் பிறகுதான் அடிக்கோட்டைப் போட்டு மூடுறது. எழுத்துத் தெரிஞ்சவன் பாக்கேக்கை அவன்ர கண் அந்தப் பதின்மூண்டு கோட்டுக்குப் பின்னாலை நடந்து போகும். உம்மடதிலை நடக்க வழியில்லை, கறுப்புத் துண்டு ஒண்டுதான் கிடக்கு.

அதாலை ஃபூவை விட்டிட்டு 'யி'யிலை தொடங்கும். யி எண்டால் ஒண்டு. ஒரே ஒரு படுக்கைக் கோடு. தூரிகையை நிமித்திப் பிடியும், பேனை மாதிரிச் சரிக்க வேண்டாம். முழங்கை மேசையிலை முட்டக் கூடாது. கோடு வலப்பக்கம் போகவேணும், ஆனா முனையை முதலிலை இடப்பக்கம் பாக்க வைச்சு, மடக்கித் திருப்பி, அமத்தி, ஒரு மூச்சு நிண்டு, பிறகு இழும். நடுவிலை கொஞ்சம் தூக்கும். முடிவிலை திரும்ப அமத்தி, வந்த வழிக்கே ஒரு அரிசி அளவு திருப்பி எடும். சரியா வந்தால் கோட்டின்ர ரெண்டு பக்கமும் எலும்பு மாதிரி உருண்டு நிக்கும், முனை வைச்ச இடம் தெரியாது. வைச்ச கோட்டைத் திரும்பத் தொட்டுத் திருத்துறது இதிலை இல்லை. எனக்கு அதுதான் பெரிய பாடா இருந்தது, ரப்பரோடை வளந்த கை.

தாளுக்கு அந்தரப்படாதையும். உண்மையான சுவான் தாள் அன்ஹுய் மாகாணத்திலை மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்யிறது. மையை உறிஞ்சும், அதாலை நீர் எவ்வடத்திலை எவ்வளவு நேரம் நிண்டு யோசிச்சீர் எண்டதைக் காட்டிக் குடுத்திடும். பழக்கத்துக்குப் பழைய உதயன் பேப்பர் காணும். சீனாவிலையும் பழைய பத்திரிகையிலை பழகிறவை இருக்கினம். ஹுவாய்சு எண்டு தாங் அரசர் காலத்துப் பிக்கு ஒருவர் தாள் வாங்கக் காசில்லாமல் வாழை நட்டு அந்த இலையிலை எழுதிப் பழகினவர் எண்டு சொல்லுவினம். நீர்வேலிக்குக் கிட்ட இருக்கிற உங்களுக்கு வாழையிலைக்குப் பஞ்சமோ?

திண்ணை:

தமிழை ஒழுங்கா எழுதத் தெரியாத ஆசிரியர்மார் வந்துகொண்டிருக்கிற காலத்திலை சீனாக்காரன்ர எழுத்து எங்களுக்கு எதுக்கு? ஏற்கெனவே எல்லாத்தையும் அவங்களுக்கு எழுதிக் குடுத்தாச்சு. கண்காட்சியிலை ஏட்டையும் எழுத்தாணியையும் வையுங்கோ, காணும்.

ஸ்காபரோ அம்மா:

தங்கச்சி, தலைகீழ் ஃபூவுக்கு நீங்கள் நித்திரை முழிச்சிருக்கத் தேவையில்லை! எங்கட தொடர்மாடியிலை ஆறாம் மாடிச் சீனத்துப் பாட்டி ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் கதவிலை சிவப்புத் தாளிலை ஃபூ ஒட்டிறவ, வேணுமெண்டே தலைகீழாத்தான். அவையின்ர பாசையிலை 'தலைகீழ்' எண்ட சொல்லும் 'வந்து சேந்திட்டுது' எண்ட சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்குமாம். பாக்கியம் வந்து சேந்திட்டுது எண்டு கணக்கு. முதலாம் வருசப் பிள்ளையளுக்கு ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடுங்கோ.

ஆனா எல்லாப் பிழையும் இப்பிடி வாய்க்காது. நீங்கள் பஸ் கதை சொல்ல எனக்குச் சிரிப்பு வந்திட்டுது, ஏனெண்டால் சீனத்திலையும் அச்சா அதே கதை இருக்கு. 'தா' எண்டு ஒரு எழுத்து, பெரிசு எண்டு அர்த்தம், மூண்டே மூண்டு கோடு. அதின்ர கால் ரெண்டுக்கும் நடுவிலை ஒரு புள்ளி வைச்சால் கிட்டத்தட்ட 'தாய்' எண்டு வாசிக்கிற வேறை எழுத்து, அளவுக்கு மிஞ்சினது எண்டு பொருள். அதே புள்ளியை வலப்பக்கத் தோளுக்கு மேலை வைச்சால் நாய். பகிடியில்லை, பாட்டி என்ர மகளுக்கு எழுதிக் காட்டினவ. அதாலை மாட்டுறதுக்கு முதல் எழுத்துத் தெரிஞ்ச ஒராளுக்குப் படம் எடுத்து அனுப்புங்கோ. எனக்கு அனுப்பினால் நான் ஆறாம் மாடிக்கு ஏறிப் போய்க் கேட்டுச் சொல்லுறன்.

மற்றது, தாளே இல்லாமல் பழகலாம். சீனாவிலை வயது போன ஆக்கள் விடியக் காலமை பூங்காவிலை நிண்டு பெரிய தூரிகையைத் தண்ணியிலை தோய்ச்சு நிலத்திலை எழுதுவினம். எழுதிக்கொண்டு போக முன்னுக்கு எழுதினது காஞ்சிடும். தும்புத்தடிப் பிடியிலை பஞ்சுத் துண்டு ஒண்டைக் கூரா வெட்டிக் கட்டினால் உங்கட சீமெந்து விறாந்தை காணும்.

பழைய சோக்குக்கட்டி:

திண்ணைக்கு ஒரு வார்த்தை. கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போனால் ஒரு கல்லுப் பாக்கலாம். 1911 இலை காலியிலை எடுத்தது. கடற்படைத் தளபதி செங் ஹெ கொண்டுவந்த கல்வெட்டு, 1409 ஆம் ஆண்டுத் திகதி. ஒரே கல்லிலை சீனம், தமிழ், பாரசீகம் மூண்டும் இருக்கு. சீனத்திலை புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்திலை அல்லாவுக்கு, தமிழிலை தெனாவரை நாயனார் எண்ட தெய்வத்துக்கு. ஆக 600 வருசத்துக்கு முதலே அவன்ர எழுத்தும் எங்கட எழுத்தும் ஒரு கல்லிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்திட்டுது. அரசியலை நீங்கள் வேறை திரியிலை கதையுங்கோ, நானும் வாறன்.

பிள்ளைக்கு இதிலை ஒரு பிரயோசனம் இருக்கு. அந்தக் கல்லிலை ஆண்டு போட்டிருக்கிறது யோங்லெ அரசரின்ர 7 ஆம் ஆண்டு எண்டு. அந்த 'யோங்'தான் சீனத்திலை எழுத்துப் பழகிறவைக்கு முதல் வாய்ப்பாடு. என்றென்றும் எண்டு அர்த்தம். புள்ளி, படுக்கை, நிமிர்வு, கொக்கி, வீச்சு எண்டு எட்டு விதமான தூரிகை அசைவும் அந்த ஒரு எழுத்துக்குள்ளை இருக்கு.

ஏட்டுக் குழுவோடை சண்டை பிடிக்காமல் பக்கத்திலை பக்கத்திலை வையுங்கோ. ஏடு எழுதினவை இடது பெருவிரல் நகத்திலை ஒரு வெட்டு வைச்சு, அதிலை எழுத்தாணியைத் தாங்கி, ஏட்டைத்தான் அசைப்பினம். எழுதி முடியக் கரி தேய்ச்சால்தான் கண்ணுக்குத் தெரியும். குத்துப் புள்ளி ஓலையைக் கிழிக்கும் எண்டு மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்காமல் விட்டவை. சீனத்திலை தாள் கிடக்கும், தோளிலை இருந்து கை முழுக்க ஓடும். ரெண்டுக்கும் கரி பொது. பாத்தால், உண்மையிலை கீறினவை நாங்கள்தான்.

பாத்து எழுதுறமே எண்டும் வெக்கப்பட வேண்டாம். வாங் ஷிஜி எண்ட சீன எழுத்துக் கலைஞர் 353 இலை ஆற்றங்கரை விருந்திலை, அங்கை பாடின கவிதையளுக்கு எழுதின முன்னுரைதான் அவையின்ர எழுத்துக் கலைக்கு உச்சம், 324 எழுத்து. அதிலை 'ஜி' எண்ட ஒரே எழுத்து இருபது தரம் வருது, இருபதும் இருபது மாதிரி. மூலப்பிரதி இண்டைக்கு இல்லை. ஆரோ பாத்து எழுதி வைச்ச பிரதிகளைப் பாத்துத்தான் உலகமே பழகுது.

கோண்டாவில் பிள்ளை:

சேர், அக்கா, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. திண்ணை ஐயாவுக்கும், ஏடு வைக்கிறம் ஐயா, மற்றக் குழு.

தூரிகை தண்ணியிலை இளகிப் பூ மாதிரி விரிஞ்சிட்டுது. ஃபூவைக் கழட்டியாச்சு. யி, மனிசன் எண்ட 'ரென்', மரம் எண்ட 'மு', யோங், இவ்வளவுதான் வைக்கப்போறம். 'மு' ரெண்டைச் சேர்த்தால் தோப்பு, மூண்டு வைச்சால் காடு. பள்ளிக்கூடப் பிள்ளையள் பாக்க வந்தால் அவையையே பேப்பரிலை காடு எழுத விடலாம் எண்டு ஒரு யோசனை. யோங் எழுதினதும் அக்காவுக்கு அனுப்பிறன், பாட்டியிட்டைக் காட்டுங்கோ.

விறாந்தையிலை தண்ணியாலை பழகினது சரிவந்தது, ஆனா எங்கட வெயிலுக்கு மூண்டாம் கோடு எழுத முதலாம் கோடு காஞ்சிடுது. பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகுதான் எழுதிறம்.

ஒரு விசயம் சொல்லவேணும். எங்கட ஐஞ்சு பேரிலை ஒருத்தியின்ர அப்பா முந்திக் கடைகளுக்குப் போர்ட் எழுதினவர். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை இல்லை, இப்ப ஓட்டோ ஓடுறார். அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்தவர் படியிலை நிண்டு எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டார். விரிவுரையாளர் பெயர்ப்பலகை எண்டு சொன்ன கதையை அவள் அவருக்கு ஏற்கெனவே சொல்லிப் போட்டாள், எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. அவர் கோவிக்கேல்லை. "நாங்கள் வெளிக்கோடு போட்டு நிரப்பிறேல்லை பிள்ளை, ஒரே இழுவைதான். நிரப்பிறது வேலை தெரியாதவன்" எண்டார்.

தூரிகையைக் குடுத்தம். செருப்பைக் கழட்டிப்போட்டு இருந்து, சேர் சொன்னதை நான் வாசிக்க வாசிக்க உதயன் பேப்பரிலை ஒரு யி இழுத்தார். முடிவிலை அந்த அரிசி அளவு திருப்பம் தன்ரபாட்டிலை வந்தது. எங்களுக்கு ஒரு கிழமையா வராதது.

இது என்ன எழுத்தெண்டு கேட்டார். ஒண்டு எண்டு சொன்னன்.

"ஒண்டுக்கே இந்தப் பாடோ" எண்டுட்டு அடுத்த பேப்பரை எடுத்தார்.