இடர்களுக்கு நடுவே படித்த மாணவர்களைப் பாராட்டிய அனுபவங்கள்: கடலூர், புதுச்சேரி அன்பர்களின் பகிர்வு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கடலூர் முதுநகர்:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டு விழா நெருங்கும் இந்த நாள்களில் பள்ளிகளில் பரிசுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கும். முதல் மதிப்பெண், இரண்டாம் மதிப்பெண், ஓட்டப்பந்தயம், பேச்சுப்போட்டி என்று அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் ஒரே மாதிரியாகவே அமைகிறது. வீட்டில் பெருந்துயரம் நேர்ந்த பின்னும் பள்ளியை விடாமல் வந்து தேர்வெழுதிய பிள்ளைக்கு அதில் இடம் இருப்பதில்லை. இடம் கொடுக்க விரும்பும் ஆசிரியர்களுக்கும், அதை எந்த வகையில் செய்வது என்ற தயக்கம் இருக்கிறது. நான் கண்ட ஒன்றை எழுதுகிறேன்; நீங்களும் உங்கள் அனுபவங்களை எழுத வேண்டுகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நான் கடலோரப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியையாக இருந்தேன். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோதிகுப்பம் என்று நம் கரையோர ஊர்கள் பட்ட துயரத்தைக் கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜனவரியில் பள்ளி திறந்தபோது பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர், தாயையும் தம்பியையும் இழந்த நிலையில், முதல் வாரத்திலேயே வகுப்புக்கு வந்துவிட்டார். படகும் வலையும் போன தந்தை கடலுக்குப் போக முடியாமல் இருந்தார். தற்காலிகக் குடியிருப்பில் ஓர் அறை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. பகலில் கூரையின் வெப்பம் தாங்காது என்பதால் பிள்ளைகள் இரவில் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்தார்கள். இந்த மாணவியோ தண்ணீர் பிடித்து, சோறு பொங்கி, தந்தைக்கு எடுத்துவைத்துவிட்டுத்தான் பள்ளிக்குப் புறப்பட வேண்டியிருந்தது. முதல் பாடவேளைக்குப் பெரும்பாலும் தாமதமாகவே வந்தார், ஆனால் வராமல் இருந்ததில்லை.

அந்த ஆண்டுப் பொதுத்தேர்வில் கணிதத்தில் அவர் தேர்ச்சி பெறவில்லை. மற்ற நான்கு பாடங்களிலும் தேறியிருந்தார். இந்த இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நின்றுவிடுகிறார்கள். வீட்டில் வேலை காத்திருக்கிறது, உறவினர்கள் திருமணப் பேச்சைத் தொடங்குகிறார்கள், தோல்வி அதற்கு வசதியான காரணமாகிவிடுகிறது. இந்த மாணவி மட்டும் முடிவு வந்த மறுநாளே பள்ளிக்கு வந்து, பழைய வினாத்தாள்கள் கிடைக்குமா என்று கேட்டார். பள்ளித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து இயற்கணிதத்தையும் வடிவியலையும் மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். துணைத்தேர்வில் தேறி, மேல்நிலை வகுப்பில் சேர்ந்தார்.

ஆண்டு விழாவில் அவருக்குப் பரிசளிக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. மேடையில் எதைப் படிப்பது என்பதில்தான் விவாதம் எழுந்தது. உடன் பணியாற்றிய ஒருவர் எழுதிவந்த பாராட்டுரையில் அலையும் மரணங்களும் கூரையற்ற வீடும் விரிவாக இருந்தன. அதைக் கேட்ட மூத்த தமிழாசிரியர், "இந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது எல்லாம் இதில் இருக்கிறது, இந்தப் பெண் செய்தது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். அதன்பின் அவரே எழுதித் தந்த வாசகம் மூன்றே வரிதான். பத்தாம் வகுப்பின் இறுதி மாதங்களில் இடைவிடாது வகுப்புக்கு வந்தமைக்காகவும், கணிதப் பாடத்தைத் தாமே முயன்று மீண்டும் பயின்று வென்றமைக்காகவும் பள்ளி பெருமை கொள்கிறது என்று அது சொன்னது. விழாவுக்கு முன்பே அந்த மாணவியிடமும் தந்தையிடமும் படித்துக்காட்டி, இருவரும் சம்மதித்த பிறகே அச்சிட்டோம். பரிசாக மேல்நிலைப் பாடங்களுக்கான வழிகாட்டி நூல்களும் ஓர் அகராதியும் கொடுத்தோம்.

இதைச் சொல்லும்போதெல்லாம், அந்தப் பெண் இப்போது என்ன வேலையில் இருக்கிறார் என்று கேட்கிறார்கள். பெரியார் அரசு கலைக் கல்லூரியில் பட்டம் முடித்தார் என்பதுவரை நான் அறிவேன். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை எதுவாக இருந்தாலும் அந்தப் பரிசு அவருக்கு உரியதே என்பது என் உறுதியான எண்ணம். பின்னாளில் பெரிய பதவிக்கு வந்தால்தான் அன்றைய உழைப்புக்கு மதிப்பு என்று நினைப்பது, அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்துவதாகும்.

செவிலியர், பண்ருட்டி:

அம்மாவுக்கு என் வணக்கம். பாராட்டப்பட்டவளாக நான் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. பலா மரம் என்பது ஓராண்டுப் பயிரன்று. புதிதாக நட்டால் காய்க்க ஆண்டுகள் பல ஆகும். என் தந்தை குத்தகைக்குத் தோப்பு எடுத்தவர். சாய்ந்த மரங்களுக்கு இழப்பீடு நிலத்தின் உரிமையாளருக்குப் போயிற்று, கடன் மட்டும் எங்களிடம் நின்றது. சில மாதங்களில் தந்தை காலமானார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போனார்; இரவில் நானும் உடைத்தேன். அந்தக் கொட்டையின் பால் பட்டு விரல் நுனிகள் வெந்துபோகும், தேர்வில் பேனா பிடிப்பதே கடினமாக இருந்தது.

தேர்ச்சி பெற்றபின் ஓர் அமைப்பினர் என்னை விழாவுக்கு அழைத்தார்கள். தொகுப்பாளர் என் தந்தையின் கடன் எவ்வளவு என்பதையும், அவர் எப்படி இறந்தார் என்பதையும் ஒலிபெருக்கியில் சொன்னார். அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார்கள், கைகளைக் காட்டச் சொன்னார்கள். முன்வரிசையில் என் வகுப்புத் தோழிகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு பல மாதங்கள் கடைத்தெருவில் யாராவது என்னைப் பார்த்தால், அவர்கள் எதை நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் நான் நேர்மையாக இன்னொன்றையும் எழுத வேண்டும். அன்று அவர்கள் கொடுத்த காசோலைதான் செவிலியர் படிப்பின் முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டியது. அம்மா அந்த விழாப் புகைப்படத்தைச் சட்டமிட்டு இன்றும் மாட்டிவைத்திருக்கிறார்; அவருக்கு அது மகள் மேடையேறிய நாள். ஆகையால் மேடையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வரி வாசகத்தை முன்கூட்டியே படித்துக்காட்டிச் சம்மதம் கேட்டார்கள் என்று தலைமையாசிரியை அம்மா எழுதியதைப் படித்தபோது, எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான் என்று தோன்றியது.

கல்லூரிப் பேராசிரியர், புதுச்சேரி:

பண்ருட்டி சகோதரி எழுதியதை என் துறை ஆசிரியர்கள் அனைவருக்கும் படிக்கக் கொடுத்தேன்.

நான் அறிந்த மாணவர் ஒருவர் பாகூர்ப் பக்கத்தவர். தந்தை பக்கவாதத்தில் படுக்கையில் விழுந்தபின், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் இரவுப் பணிக்குச் சேர்ந்தார். விடியற்காலையில் பணி முடித்து, பேருந்திலேயே சற்று உறங்கிவிட்டு, நேராக வகுப்புக்கு வருவார். முற்பகல் வகுப்புகளில் தலை சாய்ந்துவிடும். சிலர் அவரை அக்கறையற்றவர் என்றே நினைத்தார்கள். பருவ இறுதியில் வருகைப்பதிவு போதாமல், தேர்வெழுத முடியாத பட்டியலில் அவர் பெயர் வந்தது. அப்போது விசாரித்தபோதுதான் முழு விவரமும் தெரிந்தது. அவராக யாரிடமும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "சொன்னா இரக்கப்படுவீங்க சார், அதான்" என்றார்.

விதிகளுக்கு உட்பட்டு வருகைக் குறைவுக்கான கட்டணத்தைத் துறை ஆசிரியர்கள் சேர்ந்து கட்டினோம். அதைவிடப் பெரிய உதவி, செய்முறை வகுப்பின் அவருடைய குழுவைப் பிற்பகலுக்கு மாற்றியது. அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை, கால அட்டவணையில் ஒரு கட்டத்தை இடம் மாற்றியதுதான். அடுத்த பருவத்தில் செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே சிறந்த மதிப்பெண்களுள் ஒன்றை அவர் பெற்றார். அவருக்கு நாங்கள் பொன்னாடை எதுவும் போர்த்தவில்லை. பட்டம் பெற்றுப் போகும்போது, அந்த மாற்றிய அட்டவணையைத்தான் நன்றியோடு நினைவுகூர்ந்தார். நிமிர்ந்து படிக்க இடம் செய்து கொடுப்பதையும் நான் பாராட்டு என்றே கருதுகிறேன். பல நேரங்களில் அதுவே முதலில் தேவைப்படுகிறது.

எல்லையை ஒட்டி வாழ்வோரின் இன்னொரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். புதுச்சேரியும் கடலூர் மாவட்டமும் ஊருக்கு ஊர் பின்னிக்கிடக்கின்றன. கன்னியக்கோயிலைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலோ அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிலோ ஆறாம் வகுப்பு முதல் படித்து, உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கானது. புதுச்சேரி அரசுப் பள்ளியில் படித்த தோழிக்கு, ஒரே தெருவில் இருந்தாலும், அது கிடைக்காது. உதவி செய்ய முன்வருவோர், பிள்ளை எந்தப் பக்கத்துப் பள்ளியில் படித்தது என்பதை முதலில் கேட்டறிவது நல்லது.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், தென்பெண்ணைக் கரை:

சுருக்கமாக எழுதுகிறேன். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து, அடுத்த சில நாள்களில் சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருகியபோது எங்கள் தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பிள்ளைகளின் புத்தகங்கள், குறிப்பேடுகள், சீருடைகள் எல்லாம் சேறாயின. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் நனைந்த குறிப்பேடுகளை மொட்டைமாடியில் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காயவைத்து, எழுத்து அழிந்த பகுதிகளை நண்பர்களிடம் பார்த்துத் திரும்ப எழுதினான். பிறகு அந்தப் படிகளைத் தன்னைப் போலவே இழந்த மற்றவர்களுக்கும் கொடுத்தான். எங்கள் குழு அவனுக்குப் பணம் கொடுக்கவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அவனை அழைத்து, அந்தக் குறிப்பேட்டை உயர்த்திக் காட்டி, "இதைப் பார்த்து எழுதிக்கொள்ளாதவர்கள் இருந்தால் இன்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அன்று முதல் அவனை வகுப்பே வேறு விதமாகப் பார்த்தது. அவன் முதல் ஐந்து இடங்களில் எப்போதும் வராதவன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

என் கேள்வி ஒன்று. இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிக் கண்டறிவது? இவன் கதை தற்செயலாகத் தெரிந்தது. தெரியாமல் போகிறவர்கள் எத்தனை பேரோ?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கடலூர் முதுநகர்:

மூவருக்கும் நன்றி. இறுதியாக வந்த கேள்விக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

விண்ணப்பம் கேட்டால் இந்தப் பிள்ளைகள் வரமாட்டார்கள். புதுச்சேரி மாணவர் சொன்ன காரணமே போதும். நான் தலைமையாசிரியையாக இருந்தபோது முதலில் சத்துணவு அமைப்பாளரிடம் கேட்பேன். திங்கட்கிழமை எந்தப் பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்கிறது, யார் திடீரென்று சாப்பாட்டுக்கு வராமல் ஒதுங்குகிறார்கள் என்பது வகுப்பாசிரியரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்து வருகைப்பதிவேடு. நன்றாக வந்துகொண்டிருந்த பிள்ளை சில வாரங்கள் விட்டுவிட்டு வந்து, பிறகு மறுபடியும் ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தால், அந்த இடைவெளியில் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது, அதைக் கடந்து அந்தப் பிள்ளை திரும்பியிருக்கிறது என்று பொருள். கூப்பிட்டு விசாரிக்கும்போது தனியறையில், கதவருகே ஓர் ஆசிரியையை வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேச வேண்டும்.

கண்டறிந்த பிறகு, விழா வரும்வரை காத்திருக்கக் கூடாது. வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்திருந்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு 75,000 ரூபாய் நிதியுதவி உண்டு. அதற்குரிய ஆவணங்களைத் தலைமையாசிரியர் வழியாகவே அனுப்ப வேண்டும், குடும்பத்தினருக்குப் பெரும்பாலும் இது தெரிந்திருப்பதில்லை. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க இயலாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் 2025 செப்டம்பரில் தொடங்கப்பட்ட அன்புக்கரங்கள் திட்டத்தில் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் வழங்கப்படுகிறது. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வில் வென்றால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பத்தை நிரப்பி, வருமானச் சான்றிதழுக்கு அலைந்து, வங்கிக் கணக்கு திறந்து கொடுத்துவிட்டு, பிறகு பரிசைப் பற்றி யோசிக்கலாம்.

பண்ருட்டி மகளுக்கு ஒரு வேண்டுகோள். எங்கள் பழைய ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, இவ்வாண்டு கல்வி வளர்ச்சி நாளான ஜூலை 15 அன்று நம் பக்கத்துப் பள்ளிகளில் இப்படிப்பட்ட மாணவர்களைப் பாராட்ட ஏற்பாடு செய்கிறோம். மேடையில் படிக்கப்போகும் வாசகங்களை எழுதி முடித்ததும் உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன். எந்த வரி இருக்கலாம், எந்த வரி கூடாது என்று நீங்கள் அடித்துத் திருத்தித் தர வேண்டும்.