வாஷிங்டன்: ஒரே பெயரில் இரண்டு ஊர், குடும்பம் எந்த ஊர்?

வாஷிங்டன் என்ற குடும்பப் பெயருக்கு ஊர் தேடுபவர்கள் பலரும் இங்கிலாந்தின் தெற்கே உள்ள சசெக்ஸில் போய் நின்றுவிடுகிறார்கள். அங்கேயும் வாஷிங்டன் என்றொரு கிராமம் உண்டுதான். ஆனால் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியின் வம்சம் வடக்கே, இன்றைய சண்டர்லேண்டுக்கு அருகிலுள்ள வாஷிங்டனைச் சேர்ந்தது. ஹெர்ட்பர்ன் ஊரை டர்ஹாம் பிஷப்பிடம் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வாஷிங்டனை வாங்கிக்கொண்டவர் இந்த வம்சத்து முன்னோரான வில்லியம். 1183-இல் தொகுத்த போல்டன் புத்தகம் என்ற நிலக்கணக்கில் இது இருக்கிறது. ஊர் மாறியதும் குடும்பப் பெயரும் மாறிவிட்டது. அதே வம்சத்து லாரன்ஸ் 1539-இல் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் மேனர் என்ற பண்ணையை வாங்கினார். அவர் வழிவந்த ஜான் 1650-களில் வர்ஜீனியாவில் குடியேறினார்.

* * *

வைத்திருந்த ஊரின் பெயரே குடும்பப் பெயராவது, நிலம் வைத்திருந்தவர்களுக்குச் சரி. சாதாரணக் குடியானவர்களுக்குப் பெரும்பாலும் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் ஊர்ப்பெயர் ஒட்டியது. சொந்த ஊரில் எல்லாருமே அந்த ஊர்க்காரர்கள், அங்கே அது அடையாளம் ஆகாது. ஆகவே பெயருள்ள கிராமத்தின் பதிவேட்டில் அந்தக் குடும்பமே இல்லையென்றால் சோர்ந்துவிட வேண்டாம். சுற்றியுள்ள பங்குகளின், அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட பகுதிகளின், பதிவேடுகளைப் பாருங்கள்.

* * *

ஊரிலிருந்து தொடங்காமல், தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிப் போவதே நல்லது. முதலில் 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு: பிறந்த பங்கின் பெயரே அதில் இருக்கும். 1841 கணக்கெடுப்பில், வசிக்கும் அதே கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) பிறந்தவரா என்பது மட்டும்தான் கிடைக்கும். 15-க்கு மேற்பட்டோர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். 38 வயதுக்காரர் 35 ஆகியிருப்பார். அரசின் பிறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலையில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான் கதி. அவை 1538 வரை போகும், எல்லா ஊரிலும் அவ்வளவு பழையவை மிஞ்சவில்லை.

* * *

தேதியில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1731 ஜூனில் கல்யாணம், 1731 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றிருந்தால் குழந்தை எட்டு மாதம் கழித்துத்தான் வந்திருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் பிறந்த நாளே பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, இப்போதைய கணக்கில் 1732 பிப்ரவரி 22; ஆண்டுத் தொடக்கத்தோடு நாட்காட்டியும் 11 நாள் நகர்ந்ததால் தேதியும் மாறுகிறது. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான பதிவுகளைக் குறிக்கும்போது 1731/32 என்று இரண்டு ஆண்டையும் எழுதிவையுங்கள்.