சர் ஃபிரெடரிக் பாட்டிஞ்சர்: திறமையற்ற அதிகாரியா, பொருந்தாத இடத்தில் அமர்த்தப்பட்டவரா?

செந்தில்வேலன் (கேள்வி):

சென்னை மாகாண ஆளுநர்களின் வரிசையில் 1848 முதல் 1854 வரை பதவி வகித்த சர் ஹென்றி பாட்டிஞ்சரைப் பற்றித் தேடியபோது, அவருடைய மகன் ஃபிரெடரிக்கைப் பற்றிய குறிப்பு ஒன்று கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் காவல் ஆய்வாளராக இருந்த அவர், புஷ்ரேஞ்சர் எனப்படும் காட்டுக் கொள்ளையர்களான ஃபிராங்க் கார்டினரையும் பென் ஹாலையும் ஆண்டுக்கணக்கில் துரத்தியும் பிடிக்க முடியாமல், 1865இல் வேலையை இழந்து, சில வாரங்களிலேயே இறந்தும் போனாராம். ஈட்டன் பள்ளியில் படித்த ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை அந்தக் காட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார்? அன்றைய பத்திரிகைகள் ஏளனம் செய்த அளவுக்கு அவர் திறமையற்றவரா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மீனாட்சிசுந்தரம்:

அவர் வந்து சேர்ந்த வழி குதிரைப் பந்தயம். 1850இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் கிரனேடியர் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தவர், கையிலிருந்த பணத்தையெல்லாம் பந்தயத்தில் தொலைத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். தங்க வயல்களிலும் ஒன்றும் தேறவில்லை. தந்தை 1856இல் இறந்ததும் பரோனட் என்ற பரம்பரைப் பட்டம் அவருக்கு வந்திருந்தும், அதை வெளியே சொல்லிக்கொள்ளாமல், தங்கம் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்குக் காவலாகப் போகும் சாதாரணக் குதிரைக் காவலராகவே வேலை பார்த்தார். 1860இல் பட்டத்தின் விவரம் மேலதிகாரிகளுக்குத் தெரிந்த பிறகுதான் பதவி உயர்வுகள் அடுத்தடுத்து வந்தன. தகுதியை விடப் பட்டம் பேசிய காலம் அது.

1862 மார்ச்சில் புதிய காவல் சட்டம் நடைமுறைக்கு வந்து, குடியேற்றத்தின் காவல் பணி முழுவதும் சிட்னியிலிருந்து இயக்கப்படும் ஒரே படையாக மாறியபோது, லக்லன் ஆற்றங்கரையிலுள்ள ஃபோர்ப்ஸ் பகுதி பாட்டிஞ்சரின் பொறுப்பில் விழுந்தது. சில மாதங்களிலேயே, ஜூன் 15 அன்று, யுகோவ்ரா பாறைகளுக்கு அருகே கார்டினரின் கூட்டம் மாட்டு வண்டிகளைக் குறுக்கே நிறுத்தித் தங்க வண்டியை மறித்துச் சுட்டு, ஏறத்தாழ 14,000 பவுண்டு மதிப்புள்ள தங்கத்தையும் பணத்தையும் கொண்டு போனது. பாட்டிஞ்சர் சும்மா இருக்கவில்லை. ஏறத்தாழ ஒரு மாதம் குதிரை மேலேயே அலைந்து இருவரைப் பிடித்தார். ஆனால் திரும்பும் வழியில் கூட்டாளிகள் சுட்டுத் தாக்கி அவர்களை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் பெயரைக் கெடுத்தது ஆகஸ்டு 9 இரவு. கார்டினர் தம் காதலி கிட்டி பிரௌனைப் பார்க்க வீயோகோ என்ற இடத்திலிருந்த அவள் வீட்டுக்கு வருவார் என்ற துப்புக் கிடைத்து, காவலர்கள் வீட்டைச் சுற்றிப் பதுங்கியிருந்தார்கள். கார்டினர் குதிரையில் சில கஜ தூரத்தில் வந்தபோது பாட்டிஞ்சர் குறிபார்த்து விசையை அழுத்தினார், துப்பாக்கி வெடிக்கவில்லை. குதிரை மிரண்டு பாய, கார்டினர் இருளில் தப்பினார். தோட்டா வெடித்திருந்தால் இன்று பாட்டிஞ்சரைப் பற்றி வேறு விதமாக எழுதியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். காவலர்களில் பலர் அந்நிலத்துக்குப் புதியவர்கள், குதிரைகளும் சுமார் ரகம். எதிரிகளோ அங்கேயே வளர்ந்து, திருடிய பந்தயக் குதிரைகளில் ஏறிப் பறந்தவர்கள்.

கயல்விழி:

ஐயா, துப்பாக்கி வெடிக்காதது விதியாக இருக்கலாம். பென் ஹாலின் கதைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. சாண்டி கிரீக்கில் மாடு வளர்த்து வாழ்ந்த ஹாலை 1862 ஏப்ரலில் பாட்டிஞ்சர் வழிப்பறிக் குற்றச்சாட்டில் கைது செய்தார். நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் வீடு திரும்பியபோது மனைவி, முன்னாள் காவலர் ஒருவருடன் போயிருந்தாள். யுகோவ்ராவுக்குப் பிறகு மீண்டும் கைது, சான்றில்லாமல் மீண்டும் விடுதலை. அடுத்து அவர் வீட்டையும் காவலர்கள் எரித்தார்கள். ஹால் யுகோவ்ராவில் இருந்தவர்தான், அப்பாவி என்று நான் வாதிடவில்லை. ஆனால், சுற்றியிருந்த சிறு பண்ணையாளர்களின் ஆதரவு இல்லாமல் யாரையும் பிடிக்க முடியாத ஓரிடத்தில், அவர்கள் கண்ணெதிரே ஒருவனின் கூரைக்குத் தீ வைப்பது என்ன காவல் நுட்பம்? அதன் பிறகு கொள்ளையருக்குச் சோறும் துப்பும் தடையின்றிக் கிடைத்ததில் வியப்பில்லை.

இன்னொன்று: யுகோவ்ராத் தங்கத்தில் ஒரு பெரும் பங்கை மீட்டது பாட்டிஞ்சர் அல்லர், பழங்குடித் தடம்காட்டியின் துணையோடு சென்ற சார்ஜென்ட் சாண்டர்சனின் குழு. மண்ணைப் படிக்கத் தெரிந்தவர் முன்னே போனால் மட்டுமே அந்தப் படை எதையாவது கண்டுபிடித்தது.

செந்தில்வேலன்:

இருவருக்கும் நன்றி. வீட்டை எரித்ததைப் படித்த பிறகு அவர்மீது எனக்கிருந்த இரக்கம் சற்றுக் குறைந்திருக்கிறது. பதவி போனதும் குதிரைப் பந்தயத்தால்தான் என்று ஓரிடத்தில் இருந்ததே, அது சரியா?

அருள்மொழி:

சரிதான். 1865 ஜனவரியில் ஃபோர்ப்ஸ் அருகே நடந்த பந்தயத்தில், விதிமுறைக்கு மாறாக, அவரே குதிரை ஏறி ஓட்டினார். ஹாலின் கூட்டத்தை வெளியே இழுக்கவே அப்படிச் செய்ததாக அவர் சொன்ன விளக்கம் எடுபடவில்லை. பிப்ரவரியில் பதவிநீக்கம் செய்தார்கள். அதை எதிர்த்து உள்ளூரில் கூட்டங்கள் நடந்தன என்பதையும் சொல்ல வேண்டும், ஊரே அவரை வெறுத்தது என்பது மிகை. நியாயம் கேட்கச் சிட்னிக்குப் போகும் வழியில், மார்ச் 5 அன்று, நீல மலைத்தொடரில் நகர்ந்துகொண்டிருந்த கோச்சு வண்டியில் ஏறும்போது அவருடைய கைத்துப்பாக்கியே வெடித்து வயிற்றில் குண்டு பாய்ந்தது. ஏப்ரல் 9 அன்று இறந்தார். வீயோகோவில் வெடிக்காத துப்பாக்கியை நினைத்தால் கசப்பாகத்தான் இருக்கிறது.

திறமை பற்றிய கேள்விக்கு அடுத்த மாதமே ஓரளவு விடை தருகிறது. அவர் இறந்த அந்த ஏப்ரலில்தான், கொள்ளையருக்கு இடம் கொடுப்பவரின் சொத்தைப் பறித்து 15 ஆண்டுகள் வரை சிறையில் அடைக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. ஹாலின் தலைக்கு 1,000 பவுண்டு விலையும் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்ததும் நம்பிய ஆளே காட்டிக்கொடுத்தான். மே 5 அதிகாலையில், துணை ஆய்வாளர் டேவிட்சனின் குழு, பில்லி டார்கின் என்ற பழங்குடித் தடம்காட்டியுடன் ஃபோர்ப்ஸுக்கு அருகே ஹாலைச் சுட்டுக் கொன்றது. புதிய சட்டப்படி அவரை வெளியொதுக்கப்பட்டவராக, அதாவது கண்ட இடத்தில் யாரும் கொல்லக்கூடியவராக, அறிவிக்கும் நடைமுறைகூட அப்போது முடிந்திருக்கவில்லை. டேவிட்சன் செய்ததும் பாட்டிஞ்சர் வீயோகோவில் செய்த அதே காரியம்தான்: துப்புக் கிடைத்த இடத்தில் இரவெல்லாம் பதுங்கிக் காத்திருந்தது. ஆகவே வேட்டைக்காரராகப் பாட்டிஞ்சரை நான் குறை சொல்ல மாட்டேன். கயல்விழி அவர்கள் சொன்ன வீட்டு எரிப்பு விஷயத்தில் மட்டும் அவருக்காகப் பேச என்னிடம் எதுவும் இல்லை.