உருமாற்றும்போது கேட்கும் அந்த 'டிக்': ஜெட் ரோபோ அனுபவங்கள்

கீல்காவலன்

விஎஃப்-1, 1/48: 'மேக்ராஸ்' அனிமேயின் ஜெட், ரோபோவாக மாறும் பொம்மை, அசலில் 48இல் ஒரு பங்கு அளவு. ஃபைட்டரிலிருந்து (ஜெட் வடிவம்) ஜெர்வாக் (கை கால் முளைத்த பாதி ஜெட்) வரை எல்லாம் சுகம். பேட்ராய்டுக்கு (முழு ரோபோ) போகிற வழியில், தோளைத் தூக்கி மார்பின் பக்கத்தில் உட்கார வைக்கிற இடத்தில் ஒரு 'டிக்'. லாக் விழுகிற சத்தம் கொஞ்சம் மொத்தையாக இருக்கும். இது அதில்லை, காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் தோள் கீலின் உலோகப் பின்னைச் சுற்றி முடி கனத்தில் ஒரு வெள்ளைக் கோடு.

அந்தக் கோடு அன்றைக்கு உண்டானதல்ல. பின்னை விடத் துளி சிறிய துளையில்தான் பின்னை அடித்து இறக்குகிறார்கள். சுற்றியுள்ள ஏபிஎஸ் பிளாஸ்டிக் வருடக்கணக்கில் விரிந்தபடியே நிற்கிறது. விரிசல் துளையில் பிறந்து, சுவர் எங்கே மெலிந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறது.

கோடு தெரிந்தால் உருமாற்றத்தை அங்கேயே நிறுத்த வேண்டும். சூப்பர் க்ளூவை நேராக விட்டால் அது விரிசலோடு நிற்காமல் கீலுக்குள்ளும் ஓடும், கை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் பின் வெளியே வர வேண்டும். பின்னின் ஒரு முனையில் பல் பல்லாக வரி இருக்கும், மறுமுனை வழவழப்பு. வழவழப்பான முனையிலிருந்து தட்டினால் பல் முனை முன்னால் வெளியேறும். மாற்றித் தட்டினால் பல் முழுத் துளையையும் கீறிக்கொண்டு போகும், அத்தோடு அந்தத் தோள் முடிந்தது. வெளியே வந்ததும் துளையை 0.1 மி.மீ. பெரிதாக்கி, நீர்த்த க்ளூவை ஊசி முனையால் விரிசலில் மட்டும் தொட்டுவைத்து 24 மணி நேரம் விட வேண்டும். திருப்பிப் போடும்போது வழவழப்பு முனை முதலில்.

மூன்றாம்நிலை

பழியை எல்லாம் பின் மேல் போட வேண்டாம். பாதி 'டிக்' வரிசை தப்பியதால் வருவது. காக்பிட்டை மடக்கும் முன் வெப்பக் கவசத்தைக் கண்ணாடி மேல் முழுக்கத் தள்ளினோமா? பாதியில் நின்றால் கவசத்தின் விளிம்பு கண்ணாடியின் உச்சியைச் சுரண்டும். விஎஃப்-1 கையில் எடுத்தவர்களுக்கு அந்தக் கீறல் தெரியும், பளபளக் கண்ணாடியில் நீளவாக்கில் ஒற்றைக் கோடு. பாலிஷில் குறையும், மறையாது.

இன்னொன்று. பிளாஸ்டிக் குளிர்ந்திருக்கும்போது உருமாற்றவே கூடாது. ஏசி அறையிலிருந்து எடுத்தால் அரை மணி நேரம் வெளியே இருக்கட்டும். இறுக்கமான கீலுக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டினால் போதும். கிட்டே கொண்டுபோனால் மெல்லிய துடுப்புகள் வளைந்துவிடும்.

வெள்ளை_இறக்கை

ஜெட்ஃபயர், 1985இன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஜெட் பொம்மை. பெட்டியைத் திறந்ததும் ஒரு கால் வெள்ளை, மறு கால் பழுப்பு மஞ்சள். இரண்டும் ஒரே பெட்டியில் ஒரே இருட்டில் கிடந்தவை. ஸ்டிக்கரை உரித்தால் அடியில் அச்சு அசலாக ஒரு வெள்ளைச் சதுரம். அந்தச் சதுரத்தைத்தான் மறக்க முடியவில்லை.

அடிப்படை தெரிந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை: அச்சு ஜப்பானியப் பொம்மைக் கம்பெனி தகாதோகுவின் 1/55 விஎஃப்-1. 1984இல் அந்தக் கம்பெனி திவாலாகி அச்சுகள் பண்டாய் கம்பெனியிடம் போயின, அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அதை வாங்கி டிரான்ஸ்ஃபார்மர்ஸில் சேர்த்தது. ஆரம்ப காலப் பீஸ்களில் யூஎன் ஸ்பேசியின் (மேக்ராஸ் கதையின் விண்வெளிப் படை) காற்றாடி முத்திரையும் இருக்கும். அது இருந்தால் மஞ்சளை வெளுக்கிற வேலைக்கே போகாதீர்கள்.

முத்திரை இல்லாத பாகத்துக்கு: முடிக்குப் போடுகிற 12% ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீம், கையுறை, ஒட்டும் பிளாஸ்டிக் தாள், வெயில். பாகத்தைக் கழற்றி, ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் ஒன்று விடாமல் எடுத்துவிட்டு, க்ரீமை ஒரே கனத்தில் பூசிச் சுற்ற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி, க்ரீமை மறுபடி பரப்ப வேண்டும். காய்ந்த இடத்திலும் காற்றுக்குமிழி நின்ற இடத்திலும் வெள்ளைத் திட்டு விழும், அதைச் சரிசெய்ய வழியே கிடையாது. குரோம், உலோகம், ஸ்டிக்கர் பக்கம் க்ரீம் போகவே கூடாது.

ஸ்குரூசாமி

மேலே சொன்ன முறையில் வெளுத்த ஜெட்ஃபயர் கொஞ்ச காலம் கழித்து என்ன நிறத்தில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், ப்ரோ. மஞ்சள் திரும்பி வரும். மஞ்சளுக்கான காரணம் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இருக்கிறது, தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் கலவை என்று பொதுவாகச் சொல்வார்கள். கலவை தொகுதிக்குத் தொகுதி மாறும். ஒரு கால் வெள்ளை, ஒரு கால் மஞ்சள் ஆவதற்கும் அதுதான் விளக்கம். பெராக்சைடு வேலை செய்வது மேல்தோலில் மட்டும். மஞ்சள் ஒரு பொருளின் வயது, அதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

அதைவிட எரிச்சல், கழற்றச் சொன்னவர் எப்படிக் கழற்றுவது என்று சொல்லாதது. வெள்ளியாகத் தலை உருண்டுபோன ஸ்குரூக்களைப் பார்த்தாலே கை நடுங்கும். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஜப்பானியப் பொம்மைகளின் பிளஸ் ஸ்குரூ பெரும்பாலும் ஜப்பானியத் தரத்தில் இருக்கும். சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதன் குழியில் அடிவரை இறங்காது, திருகும்போது ஏறி வெளியே வழுக்கித் தலையை வழித்துவிடும். சரியான டிரைவரை வைத்தால் பொம்மையைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஸ்குரூ ஒட்டி நிற்கும். அழுத்தம் எழுபது பங்கு, திருப்பம் முப்பது பங்கு.

திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். ஒரு இடத்தில் ஸ்குரூ 'டக்' என்று கீழே விழும். பழைய மரையில் அது உட்கார்ந்த சத்தம் அது. அங்கிருந்து வலப்பக்கம். அப்படிச் செய்யாமல் நேரே திருகினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டும், இரண்டு மூன்று முறை கழற்றியதும் துளை தூளாகும். தலை தொட்டதும் கால் சுற்றுக்கு மேல் இறுக்க வேண்டாம். நீளம் வேறுபடும் ஸ்குரூக்களைக் கழற்றிய வரிசையில் டேப்பில் ஒட்டி வையுங்கள். நீளமானது தப்பான துளையில் போனால் மறுபக்கம் வெள்ளைப் புள்ளியாகப் புடைக்கும்.

கூம்புத்தலை

ஸ்டார்ஸ்க்ரீம் ஜி1 (டிரான்ஸ்ஃபார்மர்ஸின் முதல் தலைமுறை ஜெட்), "முழுமையானது" என்று வந்தது. இறக்கை, வால் துடுப்பு, முஷ்டி, ஏவுகலன், ஏவுகணை எல்லாம் இருந்தன. புற ஊதா டார்ச் அடித்ததும் ஒரு முஷ்டி மட்டும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது. மற்றது கம்மென்று இருந்தது. ஒன்று பிற்காலத்து வார்ப்பு.

டயாக்ளோன் என்ற பழைய ஜப்பானியப் பொம்மை வரிசையின் எஃப்-15தான் இதன் மூலம். இது பாகங்களைக் கழற்றி மாட்டுகிற ரகம், அதனால் எது காணாமல் போனாலும் வேறெங்கிருந்தோ ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். டார்ச் ஒன்றே தீர்ப்பு சொல்லிவிடாது, மஞ்சளான பழைய பாகமும் மாறி ஒளிரலாம். கூடவே வார்ப்புக் கோட்டையும், விளிம்பு எவ்வளவு கூர்மை என்பதையும் பாருங்கள். நகலில் விளிம்பு சோப்புக் கட்டி மாதிரி உருண்டிருக்கும். பொம்மையிலிருந்தே அச்சு எடுத்தால் குளிரும்போது சுருங்கும், அதனால் முஷ்டி மணிக்கட்டில் ஆடும். தேய்த்தால் முத்திரை தெரிகிற சூட்டு ஸ்டிக்கர் 1985இல்தான் வந்தது. அது இல்லை என்பதற்காக 1984 பீஸைப் போலி என்று சொல்லாதீர்கள். அமெரிக்கப் பதிப்பில் ஏவுகணை பறக்காமல் சும்மா நழுவி விழுந்தாலும் பயப்பட வேண்டாம். பாதுகாப்புக்காக ஸ்பிரிங்கைத் தொடக்கத்திலேயே பலவீனமாக வைத்துவிட்டார்கள்.

தங்கத்தூள்

சீல் உடைக்காத பெட்டி. உள்ளே பளபளவென்று சுழிசுழியாகத் தங்க நிற மூட்டு. தொட்டுத் திருப்பியதும் 'டிக்'கூட இல்லை, பிஸ்கட்டாக உதிர்ந்தது. மினுமினுப்புத் துகள் சுழித்துக் கலந்த தங்கப் பிளாஸ்டிக்கின் பிறவி நோய் இது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் வரும். மேலே பூசிய தங்க பெயின்டுக்கு இது கிடையாது, குழப்பிக்கொள்ளாதீர்கள். க்ளூ நிற்காது, ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி உடையும். அந்த மூட்டுள்ள ஜெட்டை இருக்கிற நிலையிலேயே விடுங்கள்.

மூன்றாம்நிலை

தளர்ந்த இடுப்புக்கு நெயில் பாலிஷ் பூசச் சொல்லும் ஆலோசனை எங்கும் சுற்றுகிறது. அதிலுள்ள கரைப்பான் ஏபிஎஸ்ஸை அரிக்கும், வெள்ளைக் கோட்டுக்கு அழைப்பிதழ் வைத்த மாதிரி. அக்ரிலிக் ஃப்ளோர் பாலிஷை ஒரு சொட்டு பந்து மூட்டில் தடவி, கழற்றிய நிலையில் இரவு முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். பற்கள் உள்ள ராட்செட் மூட்டுக்கு இது உதவாது, அங்கே தேய்ந்தது பல்.

கீல்காவலன்

அது சரி. அடுத்து, தெர்மோகோல் தட்டில் ஏவுகணையை வெறுமனே வைப்பவர்கள் கவனிக்க: மென்மையான பிவிசி ஏவுகணையின் எண்ணெய் தெர்மோகோலை உருக்கி அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் பைக்குள் தனித்தனியாகப் போட்டு வையுங்கள். ஏற்கெனவே பிசுபிசுத்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், ஆல்கஹால் வேண்டாம்.

காக்பிட் கண்ணாடியைச் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டியவர் கேட்டிருந்தார், ஏன் உள்ளே பனி படர்ந்தது என்று. க்ளூவின் ஆவி அது. கண்ணாடிக்கு வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் நிறமற்றுப் போகும், தப்பாக ஒட்டினால் ஈரத் துணியால் துடைக்கவும் முடியும். தோள் ஆறும்வரை அந்த விஎஃப்-1ஐ ஃபைட்டரில் வைக்காதீர்கள், கைகள் கால்களுக்கு நடுவே மடங்கிக் கீலை இழுத்தபடி இருக்கும். ஜெர்வாக்கில், அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, தோளுக்கு ஒரு பாரமும் இல்லாமல் நிறுத்துங்கள்.