மரக்கேபின் கிட் வந்து இறங்கிருச்சு, கரையானுக்கும் ஐப்பசி மழைக்கும் என்னண்ணே பண்றது?

அப்பன்திருப்பதி_தோப்பு:
வணக்கம் மக்களே. அழகர்கோயில் ரோட்டுல அப்பன்திருப்பதி தாண்டி நமக்கு ஒரு சின்ன மாந்தோப்பு கெடக்கு, அங்கன உக்காந்து லேப்டாப் வேலை பாக்க ஒரு ரூம் வேணும்னு ரொம்ப நாளா ஆசை. கொத்து வேலை, சென்ட்ரிங்னு அலைய முடியாதுன்னு வெளிநாட்டு பைன் மரக் கிட் ஒண்ணு வாங்கிட்டேன். பத்துக்குப் பத்து, 28 மில்லி பலகை, ஒரு பலகையோட நாக்கு அடுத்த பலகையோட காடில (பள்ளத்துல) உக்கார்ற மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி மூலையில மாட்டுற மாடல். வித்தவங்க லாரில இருந்து இறக்கிப் போட்டதோட சரி, இப்ப போன் அடிச்சா எடுக்குறதில்ல. கூட வந்த புக்குல பனி எம்புட்டு தாங்கும்னு கணக்குப் போட்டுருக்கான், கரையானப் பத்தி ஒரு வரி இல்ல. நம்ம ஆசாரி பாத்துட்டு "தம்பி இது தீப்பெட்டிக் குச்சி கணக்கா இருக்கு, வரிசைக்கு வரிசை பெவிகால் தடவி ஆணி அடிச்சாத்தான் நிக்கும்"ங்குறாரு, புக்குல பாத்தா ஆணி படத்துமேல பெருக்கல் குறி போட்டுருக்கு. யார் பேச்சக் கேக்குறது? அடியில காங்கிரீட்டா, இல்ல செங்கல்லு வச்சு நிறுத்தலாமா? செம்மண் பூமி. மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்.

மேலூர்_கல்லுக்கால்:
தம்பி, தரையோட தரையா காங்கிரீட் போட்டு அதுமேல மரத்த வச்சீங்கன்னா கரையானுக்கு வெத்தலை பாக்கு வச்ச மாதிரிதான். அது காங்கிரீட் ஓரமா மண்ணுலயே ஏறி உள்ள போயிரும், நீங்க பாக்கவே மாட்டீங்க. நம்ம பக்கம் வேலிக்கு, பந்தலுக்கு நடுற கல்லுக்கால் இருக்குல்ல, அதுல ஒன்பது வாங்கி மூணுக்கு மூணா நட்டு, தரைக்கு மேல ஒன்றரை அடி தெரியிற மாதிரி நிறுத்துங்க. டியூப் லெவல் (தண்ணி நெறச்ச டியூப்) வச்சு மட்டம் பாருங்க, மட்டம் தப்புனா கதவு சொல்லிரும். கல்லு மேல தகரத்துல தொப்பி ஒண்ணு மாட்டி, ஓரத்தக் கீழ பாத்து மடக்கி விட்டு, அதுமேல கிட்டுல வந்த பச்சை கலர் கட்டைய வைங்க. கரையான் தொப்பியச் சுத்தி வந்தாலும் வெளிய மண் கோடு போட்டுத்தான் ஏறணும், குனிஞ்சு பாத்தா தெரியும், தட்டி விட்றலாம். கால் நடுறதுக்கு முன்னாடி குழிலயும் கேபின் நிக்கிற எடத்துலயும் மருந்து ஊத்திருங்க. இமிடாகுளோபிரிட்னு பூச்சி மருந்துக் கடையில கேளுங்க, கரையானுக்குன்னு லேபிள்ல போட்டதா பாத்து வாங்கி, அதுல உள்ள அளவுக்குக் கலந்து சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம். பக்கத்துல கெணறு, போர் இருந்தா ஊத்தாதீங்க.

திருமங்கலம்_கரிசல்:
மேல அண்ணன் சொல்றது செம்மண்ணுக்கு சரி. இதப் படிச்சுட்டு எங்க பக்கத்து ஆளுக கரிசல்ல அதே மாதிரி குழி தோண்டி நட்டுறாதீங்கப்பா, மழைக்கு மண்ணு உப்பும், கோடையில கை நுழையிற அளவு வெடிக்கும், ஒரு கால் ஏறும் ஒரு கால் இறங்கும். இங்க ஆழமாப் போயி கிராவல் போட்டுத்தான் எதையும் நிறுத்தணும்.

பழைய_மரக்கடை:
ஆசாரி நல்ல வேலைக்காரராத்தான் இருப்பாரு, ஆனா அவரு சொல்றது நெலவாசலுக்கு, கட்டிலுக்கு. இது வேற. பலகை நீளத்துல அசையாது, அகலத்துல அசையும். சித்திரை வெயில்ல காஞ்சு சுருங்கும், ஐப்பசி கார்த்திகையில ஈரம் குடிச்சு உப்பும். ஒரு பலகைக்கு ஒண்ணு, ஒன்றரை மில்லிதான், ஆனா 18 வரிசை அடுக்குனா மொத்த சுவரும் ரெண்டு சென்டிமீட்டர் ஏறி எறங்கும். பெவிகாலும் ஆணியும் போட்டு அத நிறுத்தப் பாத்தா பலகை நடுவுல பொளந்துரும். அதே காரணத்துக்குத்தான் கதவு ஜன்னல் சட்டத்துக்கு மேல ஒரு சந்து விடச் சொல்லுவான், அத ஃபோம் அடிச்சு அடைக்கச் சொல்லி யாராச்சும் வருவாங்க, விடாதீங்க. அடைச்சா சுவரு எறங்கும்போது சட்டத்துமேல தொங்கி நிக்கும், பலகைக்கு நடுவுல வெளிச்சம் தெரியும். மூலையில காத்துக்குப் போடுற பட்டையில ஓட்டை நீளமா இருக்கும் பாருங்க, அந்த ஸ்க்ரூவையும் முழுசா இறுக்காதீங்க.

இன்னொண்ணு, பிளாஸ்டிக் கவர் சுத்தி வெயில்ல கெடக்கா? உள்ள வேர்த்துப் பூசணம் புடிக்கும். நெழல்ல, தரையில படாம, நடுநடுவுல ரீப்பர் (மெல்லிசு மரச் சட்டம்) குடுத்து அடுக்கி, ரெண்டு வாரமாச்சும் நம்ம காத்தக் குடிக்க விடுங்க. பெயின்ட்ட அடுக்குறதுக்கு முன்னாடியே நாக்குலயும் காடிலயும் ஒரு கோட் அடிச்சுருங்க. மாட்டுனதுக்கு அப்பறம் அடிச்சா, மொத கோடையில சுவரு சுருங்கி ஒவ்வொரு வரிசையிலயும் பெயின்ட் படாத மரம் வெள்ளையா கோடு கோடாத் தெரியும்.

பச்சைக் கட்டையில மிஞ்சுன துண்ட வெந்நி அடுப்புல வச்சுராதீங்க. அதுல செம்பு மருந்து ஏத்திருப்பாங்க, சில வகையில ஆர்செனிக்கும் இருக்கும், புகை விஷம். அறுத்த முனையில மருந்து இருக்காது, அதுக்கு மட்டும் தனியா பிரஷ்ஷால தடவணும்.

சோழவந்தான்_அக்கா:
எங்க தென்னந்தோப்புலயும் ஒரு மரக் குடில் நிக்குது, அதனால பராமரிப்பு மட்டும் சொல்றேன் தம்பி. பளபளன்னு இருக்குன்னு வார்னிஷ் அடிக்காதீங்க, மதுரை வெயிலுக்குத் தோல் உரிஞ்சு வரும், அப்பறம் மொத்தமா சொரண்டணும். மரத்துக்குள்ள ஊறுற கலர் ஸ்டெயின் வாங்குங்க, கலரே இல்லாதது வெயிலத் தடுக்காது. தெக்கு, மேக்கு சுவருதான் மொதல்ல வெளுக்கும், அத மட்டும் முன்னாடியே ஒரு கை பாத்துக்கலாம். அந்தக் காலத்துல கைமரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடிப்பாங்க, கரையான் அண்டாது, கீழ்க் கட்டைக்கு இன்னமும் அடிக்கலாம், ஆனா கையில பட்டா கொப்புளிச்சுரும், உறை போடாம தொடாதீங்க. மாசம் ஒருக்கா ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால கீழ் வரிசையத் தட்டிப் பாருங்க. நல்ல மரம் 'டங்'குன்னு கேக்கும், உள்ள தின்னுருந்தா பொதபொதன்னு இருக்கும். மா இலைச் சருக அடியில சேர விடாதீங்க, வெறகும் சுவரு ஓரமா அடுக்காதீங்க.

அப்பன்திருப்பதி_தோப்பு:
ரொம்ப நன்றிண்ணே, நன்றிக்கா. ஆசாரிகிட்ட ஏறி எறங்குற கதையச் சொன்னேன், "அப்ப சரி, கதவ நான் மாட்டித் தர்றேன்"னு எறங்கி வந்துட்டாரு. கல்லுக்காலுக்கும் சொல்லியாச்சு. ஒரே ஒரு டவுட்டு, கிட்டுல தார் ஷீட்டு குடுத்துருக்கான், அதுக்குப் பதிலா மானாமதுரை ஓடு போட்டா சூடு கொறையுமா?

பழைய_மரக்கடை:
சூடு கொறையும், ஆனா ஒரு ஓடே ரெண்டு கிலோவுக்கு மேல, அந்த மெல்லிசு கூரைப் பலகையும் விட்டமும் அம்புட்டு பாரத்துக்குப் போட்டதில்ல. தார் ஷீட்ட அப்படியே ஒட்டி, அதுமேல ரீப்பர் அடிச்சு ரெண்டு இன்ச் காத்து போற மாதிரி விட்டு கால்வால்யூம் ஷீட் (அலுமினியமும் துத்தநாகமும் பூசுன தகரம்) போடுங்க, சூடு அந்த சந்துலயே வெளிய போயிரும். ஓரத்த ஒரு அடிக்கு மேல நீட்டி விடுங்க, சாரல் சுவத்துல அடிக்காது. ஆனா நீட்டுன ஓரத்துலதான் காத்து புடிக்கும், அதனால கீழ்க் கட்டைய கல்லுக்காலோட போல்ட் போட்டுக் கட்டிருங்க. கல்ல நடுறதுக்கு முன்னாடியே ஓட்டை போட்டு வாங்கிக்கங்க, அப்பறம் டிரில் போட ஆள் கெடைக்காது.

மேலூர்_கல்லுக்கால்:
ஓட்டைக்கு தனிக் காசு கேப்பாங்க, பேசி முடிச்சுட்டு அட்வான்ஸ் குடுங்க.