கலைச்சொல் விவாதம்: சில மாவட்டங்களில் மட்டும் பெண்குழந்தைகள் எண்ணிக்கை தாழ்வதற்கு என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம்.

ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்கு எத்தனை பெண் என்ற எண்ணுக்குக் 'குழந்தைப் பாலின விகிதம்' என்ற சொல் நிலைத்துவிட்டது. 'பால்' போதுமே, 'பாலினம்' எதற்கு என்ற பழைய கேள்வியை மறுபடி கிளப்ப வேண்டாம் என்பது என் கருத்து. கருவிலுள்ள குழந்தையின் பாலினம் இங்கே சொல்லப்படாது என்ற பலகை ஸ்கேன் சென்டர் வாசல்தோறும் தொங்குகிறது. அரூர், பாலக்கோடு பக்கம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பது தெரியும்.

அதற்கு அடுத்த படிக்குத்தான் சொல் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு 943, கிருஷ்ணகிரி 926, தருமபுரி 913, அரியலூர் 897, கடலூர் 896. ஒரே மாநிலத்துக்குள் சில பகுதிகள் மட்டும் இப்படித் தாழ்ந்து கிடப்பதைப் 'பிராந்தியப் பாலின ஏற்றத்தாழ்வு' என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிப்பவர் கூலி, சொத்து, படிப்பு என்று நினைத்துக்கொள்கிறார். பிறந்திருக்க வேண்டிய, பிழைத்திருக்க வேண்டிய பெண்குழந்தைகள் இல்லை என்ற செய்தி அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை.

'சமமின்மை'யும் உதவாது. சமம் என்றால் ஆயிரத்துக்கு ஆயிரம். இயற்கையிலேயே ஏறத்தாழ 100 பெண்ணுக்கு 105 ஆண் பிறக்கிறது, அதாவது ஆயிரம் ஆணுக்கு 952 பெண். ஆகவே 950 உள்ள மாவட்டத்தைச் சமமற்றது என்று குற்றம் சொல்ல முடியாது. 913 உள்ள மாவட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் முடியாது.

என் முன்மொழிவு: 'வட்டாரப் பெண்மகவுப் பற்றாக்குறை'. குறைகளைச் சொல்லுங்கள்.

தருமபுரியிலிருந்து

———

ஐயா, வணக்கம்.

> வட்டாரப் பெண்மகவுப் பற்றாக்குறை

மூன்று சொல்லில் இரண்டை நான் ஏற்கவில்லை, மூன்றாவதிலும் தயக்கம் உண்டு.

'வட்டாரம்' என்பது நம் அலுவலகங்களில் ஊராட்சி ஒன்றிய அளவைக் குறிக்கும். வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர் என்று தினமும் புழங்குகிறோம். 'வட்டம்' தாலுகா. மாவட்டங்களுக்கு இடையிலான வேறுபாட்டை 'வட்டார' என்று எழுதினால், சுகாதாரத் துறையில் அதைப் படிப்பவர் ஒன்றியவாரிப் பட்டியலைத் தேடுவார். ஊர், ஒன்றியம், மாவட்டம், மாநிலம் எதற்கும் பொருந்த வேண்டுமானால் 'இடவாரி' என்று வைக்கலாம். ஊர்வாரி, ஆள்வாரி என்று மக்கள் சொல்வதோடும் ஒத்துப்போகும்.

'பற்றாக்குறை' கூடவே கூடாது. தண்ணீர், யூரியா, மின்சாரம் ஆகியவற்றுக்குச் சொல்லும் சொல் அது. யாருக்கோ தேவைப்பட்டுக் கிடைக்காத பொருள் என்ற எண்ணம் அதில் ஒட்டியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கவில்லை என்ற புலம்பலாக இந்தச் செய்தி சுருங்குவதும் இப்படித்தான். 'இழப்பு', 'அழிப்பு' என்றால் காரணத்தையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். எண்ணைக் குறிக்கும் சொல் காரணத்தைச் சொல்லக்கூடாது. கருவிலேயே கலைப்பது, பிறந்தபின் கொல்வது, காய்ச்சலுக்கு மருத்துவமனைக்குத் தூக்கிப்போகாமல் விடுவது ஆகிய மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. 1992இல் சேலத்தில் தொடங்கிப் பிறகு தருமபுரிக்கும் வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் இரண்டாவதைத் தடுக்க வந்தது. 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் முதலாவதற்கு. மூன்றாவதற்குத் தனிச் சட்டம் கிடையாது.

ஆகவே 'எண்குறை'. எதிர்பார்க்கும் எண்ணிலிருந்து எவ்வளவு குறைகிறது என்பது மட்டும் இதன் பொருள். 'குறை' தனியாக நின்றால் ஊனம் என்று படும், 'எண்' முன்னால் வந்ததும் அந்த ஐயம் போய்விடும். 'மகவு' அழகான சொல்தான், ஆனால் அங்கன்வாடிப் பதிவேட்டில் 'குழந்தை' என்றுதான் இருக்கிறது. 'பெண்குழந்தை எண்குறை' என்றே வைப்போம்.

கணக்கிடும் வழியையும் வரையறையிலேயே எழுதிவிட வேண்டும். ஆண்குழந்தைகளின் எண்ணிக்கையை 0.952ஆல் பெருக்கி, வருவதிலிருந்து பெண்குழந்தைகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். தருமபுரியின் 913க்கு, ஆயிரம் ஆண்குழந்தைகளுக்கு 39 எண்குறை. இன்றைய தருமபுரி மாவட்டப் பரப்புக்கு மட்டும் பிரித்தெடுத்த 2001 எண் 826, அப்போது எண்குறை 126. கிருஷ்ணகிரிப் பரப்புக்கு அதே ஆண்டில் 905, எண்குறை 47. 2004 பிப்ரவரி வரை இரண்டும் ஒரே மாவட்டம். சேர்த்துப் பார்த்தால் தருமபுரியின் நிலை ஒரு பகுதி மறைந்துபோகும். 'இடவாரி' என்ற சொல் தேவைப்படுவது இதனால்தான்.

கிருஷ்ணகிரியிலிருந்து

———

அம்மா, 'எண்குறை' எனக்கு முழுச் சம்மதம். 'பற்றாக்குறை'யைத் திரும்பப் பெறுகிறேன்.

வரையறையோடு சில எச்சரிக்கைகளும் போக வேண்டும். சொல் சரியாக இருந்தும் கணக்கு தவறினால் ஒரு ஊரே பழி சுமக்கும்.

முதலில், 'விகிதம் உயர்ந்தது' என்று எழுதவே கூடாது. நாம் ஆயிரம் ஆணுக்குப் பெண் என்று எண்ணுகிறோம், பன்னாட்டு அறிக்கைகள் நூறு பெண்ணுக்கு ஆண் என்று எண்ணுகின்றன. நம் 913 அங்கே 109.5, நம் 826 அங்கே 121. அங்கே எண் உயர்ந்தால் நிலைமை மோசம், இங்கே உயர்ந்தால் நலம். மொழிபெயர்ப்பவர்கள் இதைத் தலைகீழாக்கிவிடுவதுண்டு. 'எண்குறை கூடியது', 'எண்குறை தணிந்தது' என்று எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

ஆண்டுக்கு 60 பிறப்புள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்ப்பது 29 பெண். யாரும் எந்தத் தவறும் செய்யாமலே 22 முதல் 37 வரை எதுவும் வரலாம். 22 பெண், 38 ஆண் என்றால் விகிதம் 579. இதைப் பத்திரிகையில் போட்டுவிட்டால் அந்த ஊர் எப்படித் தலை நிமிரும்? பத்தாயிரம் பிறப்புகளிலேயே 915 முதல் 991 வரை தற்செயலாக வரக்கூடும். எனவே பல ஆண்டுகளைச் சேர்த்த பிறகே 'எண்குறை' என்று சொல்ல வேண்டும். சேர்க்கும்போதும் விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக்கூடாது. ஒரு ஒன்றியத்தில் 400 ஆண், 400 பெண் (1000), இன்னொன்றில் 1600 ஆண், 1360 பெண் (850) என்றால் சராசரி 925 என்று வரும். உண்மையில் 2000 ஆணுக்கு 1760 பெண், அதாவது 880.

பிறப்புப் பதிவில் இன்னொரு கண்ணி உண்டு. பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். பென்னாகரத்துத் தாய் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளை பெற்றால் பதிவு தருமபுரி நகரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. தலைப்பிள்ளையில் விகிதம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மூத்தது பெண்ணாக இருந்து, அடுத்ததாவது ஆணாக வேண்டும் என்ற நெருக்கடி வரும் இரண்டாவது, மூன்றாவது பிறப்பில்தான் சரியும். எனவே தாயின் குடியிருப்பையும் பிறப்பு வரிசையையும் பிரித்துப் பார்க்காத எண்ணுக்கு 'இடவாரி' என்ற அடைமொழியைக் கொடுக்கக்கூடாது.

'பிறப்புமுன் எண்குறை', 'பிறப்புப்பின் எண்குறை' என்று இரண்டு கிளைச்சொற்களும் வேண்டும். பிறப்புப் பதிவில் விகிதம் 950ஐ ஒட்டி இருந்து, 0–6 வயதுக் கணக்கில் கீழே இறங்கினால் குறை தொட்டிலில். பிறப்பிலேயே தாழ்ந்திருந்தால் குறை கருவில். தொட்டில் குறைக்குக் கிராமச் செவிலியர் வீடுவீடாகப் போக வேண்டும். கருவில் நேரும் குறைக்கு, கர்ப்பிணிகளின் ஸ்கேன் விவரங்களை ஸ்கேன் சென்டர்கள் பதியும் 'எஃப்' படிவங்களைத் தணிக்கை செய்ய வேண்டும், பதிவில்லாமல் ஊர் ஊராக எடுத்துப்போகும் கையடக்க ஸ்கேன் கருவிகளைப் பிடிக்க வேண்டும்.

தருமபுரியிலிருந்து

———

ஐயா, அகராதிப் பதிவு இப்படி இருக்கட்டும்:

இடவாரிப் பெண்குழந்தை எண்குறை: குறிப்பிட்ட இடத்தில் குடியிருக்கும் தாய்மார்களின் குழந்தைகளில், ஆயிரம் ஆணுக்கு 952 பெண் என்ற இயல்பான அளவைவிடப் பெண்குழந்தைகள் எத்தனை குறைவு என்ற எண். வயது வரம்பையும் ஆண்டுகளையும் உடன் குறிப்பிட வேண்டும். 0–6 என்றால் ஏழாம் பிறந்தநாள் வராத எல்லாக் குழந்தைகளும்.

ஓசூர் பற்றி ஒன்று மட்டும் முடிவாகவில்லை. வேலைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் அங்கே நிறைய. அவர்களை 'குடியிருக்கும்' என்பதில் சேர்த்தால் கிருஷ்ணகிரியின் எண் வேறு, விட்டால் வேறு. ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர்களைச் சேர்க்கலாம் என்பது என் எண்ணம். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கிருஷ்ணகிரியிலிருந்து